மணற்கல் மலையை அடியிலிருந்து வாசித்தல்: ஜோர்தானின் ரம் சிகரம்

மலை என்றால் திருகோணமலைக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையும், உட்துறைமுகத்தைச் சுற்றி நிற்கும் காடடர்ந்த குன்றுகளுமாகும். இவை மிகப் பழைய, மிகக் கடினமான உருமாறிய பாறைகளால் ஆனவை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் ஆண்டுதோறும் மோதியும் அவற்றின் உருவம் ஒரு மனிதரின் ஆயுளுக்குள் கண்ணில் படும்படி மாறுவதில்லை. எனவே, விரலால் அழுத்தித் தேய்த்தால் சில இடங்களில் மணலாகவே உதிரக்கூடிய ஒரு கல், நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்குச் செங்குத்துச் சுவராக நிற்கிறது என்று கேட்டால் நம்புவது கடினமாக இருக்கும். அத்தகைய மலைகள் உலகின் பல பாலைவனங்களில் உள்ளன. அவற்றுள் ஒன்றான, ஜோர்தானின் தெற்கிலுள்ள ஜபல் ரம் என்னும் ரம் மலையை எடுத்துக்கொண்டு, மணற்கல் சிகரம் ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜோர்தான் என்றதும் நம்மவர் பலருக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைதான் நினைவுக்கு வரும். அந்தத் தொழிற்சாலைகளோ நாட்டின் வடபாதியிலேயே பெரும்பாலும் உள்ளன. ரம் மலை தென்கோடியில், செங்கடலின் ஒரு கிளையான அகபா வளைகுடாவுக்குக் கிழக்கே, சவூதி அரேபிய எல்லையை அண்டி இருக்கிறது. அகபா துறைமுக நகரிலிருந்து வீதி வழியாகச் சென்றால் தூரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வாதி ரம் என்ற நீண்ட பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் ரம் மலை; கிழக்குச் சுவர் உம் இஷ்ரின் மலை. பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து 950 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்க, இரு மலைகளின் உச்சிகளும் 1,700 மீட்டரைத் தாண்டுகின்றன. ஜோர்தானின் மிக உயர்ந்த சிகரம் இவை இரண்டுமல்ல. தெற்கே, எல்லைக்கு அருகிலுள்ள 1,854 மீட்டர் உயரமான உம் அத் டாமியே அது. ஆயினும், பாறை அடுக்குகளைத் தெளிவாகப் பார்ப்பதற்கு ரம் மலையே சிறந்தது. இம்மலைகளை உள்ளடக்கிய, ஏறக்குறைய 74,000 ஹெக்டயர் பரப்புள்ள வாதி ரம் பாதுகாக்கப்பட்ட பகுதி 2011இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில், இயற்கை, பண்பாடு ஆகிய இரு காரணங்களுக்காகவும் சேர்க்கப்பட்டது.

முதலில் மணற்கல் என்பது என்ன என்று பார்க்கலாம். மணல் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஓர் அளவின் பெயர்: விட்டம் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட எந்தத் துணிக்கையும் புவியியலாளருக்கு மணலே. நிலாவெளியில் காலில் ஒட்டும் மணலில் குவார்ட்ஸ் மணிகளோடு சிப்பித் துண்டுகளும் இருக்கும். இத்தகைய மணல் படையாகப் படிந்து, அதன்மேல் வேறு படைகள் ஏறி அமுக்க, இடைவெளிகளில் ஊறும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, கல்சைற்று, இரும்பு ஒட்சைட்டு போன்றவை மணிகளுக்கிடையே படிந்து அவற்றை ஒட்டவைக்கும்போது மணற்கல் பிறக்கிறது. கல்லின் பலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் பசைதான். மணிகள் ஒவ்வொன்றும் இரும்பையே கீறக்கூடிய கடினமுடைய குவார்ட்ஸாக இருந்தாலும், பசை மெலிந்தால் கல் உதிர்ந்துவிடும். அதே மணற்கல் மேலும் ஆழத்தில் புதைந்து கடும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உள்ளானால், மணிகள் ஒன்றோடொன்று பிணைந்து மீண்டும் படிகமாகி, குவார்ட்சைற்று என்ற உருமாறிய பாறையாகிவிடும். திருகோணமலைப் பகுதியின் குன்றுகளிலும் கடல்முனைகளிலும் காணப்படும் பாறைகளுள் குவார்ட்சைற்றும் ஒன்று. ஆக, நம் குன்றுகளிலும் ஒருகாலத்து மணல் உண்டு. அது வெந்து இறுகிவிட்டது, ரம் மலையின் மணல் வேகவில்லை என்பதே வேறுபாடு.

இனி ரம் மலையை அடியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கலாம். அடையற் பாறைகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்பதால் இந்தத் திசைதான் சரியானது.

அடியில் இருப்பது மணற்கல்லே அல்ல, கிரனைற். ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் உள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெதுவாகக் குளிர்ந்து உறைந்தது இது. கருமையும் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்து, உடைந்து உருண்ட தாழ்ந்த சரிவுகளாக மலையின் பாதத்தில் தெரியும். இந்தக் கிரனைற்றின் மேற்பரப்பு வியப்பூட்டும் அளவுக்குத் தட்டையாக இருக்க, அதன்மீது மணற்கல் நேராக அமர்ந்திருக்கிறது. அந்தக் கோட்டில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஆழத்தில் உறைந்த பாறை மேற்பரப்புக்கு வந்திருக்கிறது என்றால், அதற்கு மேலிருந்த பல கிலோமீட்டர் தடிப்பான பாறை முழுவதும், மணல் வந்து படிவதற்கு முன்பே அரித்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். ஒரு மலைத்தொடர் எழுந்து, தேய்ந்து, சமவெளியாவதற்கு எடுத்த கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்த ஒற்றைக் கோட்டுக்குள் அடங்கியிருக்கின்றன. என்னைக் கேட்டால் ரம் மலையின் மிக முக்கியமான இடம் உச்சியல்ல, இந்தக் கோடுதான். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள்.

கிரனைற்றுக்கு மேலே முதலில் வருவது சலீப் மணற்கல். கிரனைற்றிலிருந்து அண்மையில் உதிர்ந்த பெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் துணிக்கைகள் இதில் நிறைய உண்டு. அதற்கு மேல், ரம் மலையின் பெருஞ்சுவர்களை ஆக்கும் உம் இஷ்ரின் மணற்கல், செம்பழுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பில் எழுகிறது. வடக்கே பெட்ரா நகரின் புகழ்பெற்ற முகப்புகள் குடையப்பட்டதும் இதே படையில்தான். இவ்விரண்டும் கேம்பிரியன் காலத்தவை, அதாவது ஏறக்குறைய 50 கோடி ஆண்டுப் பழமையுள்ளவை. உச்சியில், வெண்மையான குவிமாடங்களாகத் திரண்டு நிற்பது அடுத்து வந்த ஓர்டோவிசியன் காலத்து டிசி மணற்கல். இது ஏறக்குறைய தூய குவார்ட்ஸ். அருகிலுள்ள வேறு சில மலைகளில் இதற்கும் மேலே உம் சஹ்ம் என்ற பழுப்புப் படை எஞ்சியுள்ளது. தென் ஜோர்தானின் ஓர்டோவிசியன் மணற்கற்களில், திரிலோபைற்று போன்ற கடல்வாழ் கணுக்காலிகள் சேற்றைக் கிளறிச் சென்ற இரட்டைத் தடங்கள் பதிந்திருப்பதால், அக்காலத்தில் கடல் இங்கு வந்துபோனது தெரிகிறது.

இவ்விடத்தில், தொடக்கநிலை வாசகர் அனைவரும் கொள்ளும் ஓர் எண்ணத்தைத் திருத்த வேண்டியுள்ளது. பாலைவனத்தில் இருக்கும் மணற்கல் பாலைவன மணலிலிருந்தே உண்டாகியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. சில இடங்களில் அது உண்மையும்கூட: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயன் பள்ளத்தாக்கின் நவாஹோ மணற்கல் ஜுராசிக் காலத்து மணற்குன்றுகள் கல்லானதே. ரம் மலையின் மணல் அவ்வாறு வந்ததல்ல. அதைப் பெரும்பாலும் ஆறுகளே கொண்டுவந்தன. அந்நாளில் நிலத்தில் வேருள்ள செடி எதுவும் தோன்றியிருக்கவில்லை. கரையைப் பிடித்துவைக்க வேர் இல்லாததால், மழைநீர் ஆழமான ஒற்றை வாய்க்காலாக ஓடாமல், பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பின்னிப் பின்னிப் பிரிந்து ஓடி, மணலை விரிப்பாகப் பரப்பியது. இன்றைய மகாவலி கங்கை மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கலப்பதைப் பார்ப்பவர், மரங்களும் நாணலும் கரையைக் கட்டிவைத்திருப்பதைக் காண்பார். அவை எதுவுமே இல்லாத ஓர் ஆற்றை மனதில் வரைந்துகொள்ள வேண்டும்.

ஆறு படியவைத்ததா காற்று படியவைத்ததா என்பதைக் கல்லே சொல்லிவிடும். ஓடும் நீரும் வீசும் காற்றும் மணலைச் சிறு மேடுகளாக நகர்த்தும்போது, மேட்டின் முன்புறச் சரிவில் மணல் சாய்வான மென்படைகளாக விழுகிறது. காற்று எழுப்பும் குன்றுகள் பெரியவை என்பதால் அவற்றின் சாய்ந்த படைகள் பல மீட்டர் உயரம் இருக்கலாம். ஆற்று மணலில் அவை பெரும்பாலும் சிறியவை, கூழாங்கற்களும் இடையிடையே வரும். பருவமழைக்குப் பின் நிலாவெளியிலோ புல்மோட்டையிலோ அலை அறுத்துவிட்ட கரையின் வெட்டுமுகத்தைக் கவனித்தால், வெளிர்மணலுக்கிடையே இல்மனைற்று என்ற கனமான கனிமத்தின் கருங்கோடுகள் சாய்ந்து செல்வதைக் காணலாம். மணற்கல்லில் படைகளை வாசிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் திருகோணமலை மாவட்டத்தில் இல்லை.

புல்மோட்டை மணல் இன்னொரு வகையிலும் உதவும். அங்கு இல்மனைற்றோடு சேர்த்துப் பிரித்தெடுக்கப்படும் கனிமங்களுள் சேர்க்கன் ஒன்று. எளிதில் தேயாத, வேதியியல் மாற்றங்களுக்கும் அசையாத இக்கனிமம் தன்னுள் சிறிதளவு யுரேனியத்தை அடைத்துக்கொண்டு படிகமாகிறது. யுரேனியம் அறிந்த வேகத்தில் ஈயமாக மாறுவதால், இரண்டின் விகிதத்தையும் அளந்து அப்படிகம் பிறந்த காலத்தைக் கணிக்கலாம். மணற்கல்லில் கிடைக்கும் சேர்க்கன் மணியின் வயது மணற்கல்லின் வயதல்ல. அது எந்தத் தாய்ப்பாறையிலிருந்து உதிர்ந்து வந்ததோ அதன் வயது. ஆனால் ஒரு மணற்கல் தன்னுள் உள்ள மிக இளைய மணியைவிட மூத்ததாக இருக்க முடியாது என்பதால் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. ரம் மலை இருக்கும் அரேபியத் தளம், இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா யாவும் ஒருகாலத்தில் கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன. அக்கண்டத்தின் துண்டுகள் மோதி இணைந்த காலமும், இலங்கையின் பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறிய காலமும், அரேபியத் தளத்தின் கிரனைற்றுகள் உறைந்த காலமும் ஏறக்குறைய 65 கோடிக்கும் 55 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளே. அம்மோதலில் எழுந்த மலைத்தொடர்கள் தேய்ந்து உதிர்ந்த மணல்தான், மொரோக்கோவிலிருந்து ஓமான் வரை பரந்து கிடக்கும் பழைய மணற்கற்களுக்கு மூலப்பொருளாயிற்று. சுவாமி மலையின் பாறையும் ரம் மலையின் மணலும் ஒரே பெருநிகழ்வின் இரு விளைவுகள் என்று சொல்வதில் மிகையில்லை.

மணல் கல்லானது எவ்வாறு என்று கண்டோம். கல் மலையானது எவ்வாறு? ரம் மலை கீழிருந்து மேலே தள்ளப்பட்ட தனி மலையன்று. அதைச் சுற்றியிருந்தவை அகற்றப்பட்டதால் எஞ்சிய பகுதியே அது. பள்ளத்தாக்கின் இரு பக்கமும் ஒரே படைகள் ஒரே வரிசையில் தெரிவது இதற்குச் சான்று: ரம் மலைக்கும் உம் இஷ்ரின் மலைக்கும் இடையே இன்று வெறும் காற்று நிற்கும் இடத்திலும் ஒருகாலத்தில் அதே மணற்கல் இடையறாது இருந்தது. அதற்கும் மேலே, பிற்காலத்துக் கடல் படியவைத்த சுண்ணக்கல் உள்ளிட்ட படைகள் இருந்தன. அவற்றை வடக்கே, அம்மானிலிருந்து வரும் நெடுஞ்சாலை கீழிறங்கும் ராஸ் அன் நக்ப் சரிவில் இன்றும் காணலாம். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அரேபியத் தகடு ஆபிரிக்காவிலிருந்து விலகத் தொடங்கிச் செங்கடல் திறந்தது. பின்னர், அகபா வளைகுடாவிலிருந்து சாக்கடல் வழியே வடக்கே செல்லும் பெரும்பிளவின் நெடுகிலும் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. அந்த நகர்வு மொத்தம் 105 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும் என்பது புவியியலாளர்களின் கணிப்பு. பிளவின் ஓரங்கள் உயர்ந்தன. உயர்ந்த நிலத்தை ஆறுகள் வெட்டத் தொடங்கின.

எங்கே வெட்டுவது என்பதைப் பாறையில் ஏற்கனவே இருந்த செங்குத்து வெடிப்புகள் தீர்மானித்தன. பாறை இழுபட்டு வெடித்து, ஆனால் இரு பக்கமும் குறிப்பிடத்தக்க அளவு நகராமல் நிற்கும் வெடிப்பைப் புவியியலாளர் மூட்டு என்பர். கோணேசர் கோயிலருகே, இராவணன் வாளால் பிளந்ததாக மரபு கூறும் இராவணன் வெட்டைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெரும்பாறை நேர்கோட்டில் செங்குத்தாகப் பிளந்து நிற்பது எவ்வாறு தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை. வாதி ரம் பகுதியில் அத்தகைய கோடுகள் நூற்றுக்கணக்கில், சில குறிப்பிட்ட திசைகளில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. மழைநீர் அவற்றுள் புகுந்து அகலப்படுத்த, வெடிப்பு இடுக்காகி, இடுக்கு பள்ளத்தாக்காகி, மேட்டுநிலம் துண்டுகளாகப் பிரிந்தது. பெரிய துண்டுகளே இன்றைய மலைகள். உதிர்ந்த மணல் பள்ளத்தாக்கின் தரையை நிரப்பியதால், மலைகள் மணற்கடலிலிருந்து திடீரென எழுவது போன்ற தோற்றம் உண்டாகிறது.

சுவர்கள் ஏன் சரிவாகத் தேயாமல் செங்குத்தாகவே நிற்கின்றன என்ற கேள்விக்கும் மூட்டுகளிலேயே விடை உண்டு. மணற்கல்லுக்குள் ஊறி இறங்கும் நீர், நீரை எளிதில் உட்புகவிடாத கிரனைற்றை அடைந்ததும் பக்கவாட்டில் கசிந்து வெளியேறுகிறது. அதனால் சுவரின் அடிப்பகுதி முதலில் மெலிகிறது. அடி மெலிந்ததும் மேலுள்ள பாறை அடுத்த செங்குத்து மூட்டு வரை பலகையாக விழுகிறது. புதிய சுவரும் செங்குத்தாகவே அமைகிறது. ரம் கிராமத்துக்கு மேலே, மலையின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஊற்றுகள் இந்தக் கிரனைற்–மணற்கல் எல்லையிலேயே வெளிப்படுகின்றன. பெட்ராவைக் குடைந்த பண்டைய மக்களான நபத்தேயர் தங்கள் கோயிலை அவற்றுக்கு அருகில் கட்டியது தற்செயலன்று.

காற்றுதான் இவற்றையெல்லாம் செதுக்கியது என்ற கருத்து சுற்றுலாக் கையேடுகளில் அடிக்கடி வரும். காற்று அள்ளிச் செல்லும் மணல் பெரும்பாலும் தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்துக்குள்ளேயே துள்ளிச் செல்வதால், 500 மீட்டர் உயரத்திலுள்ள குழியை அது குடைந்திருக்க இயலாது. உதிர்ந்ததைக் கூட்டி அகற்றுவதே காற்றின் முதன்மைப் பணி. குடைவது பெரும்பாலும் உப்பு. பனியாலும் அரிதான மழையாலும் கல்லுக்குள் சென்ற ஈரம் மேற்பரப்பில் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு மணிகளுக்கிடையே படிகமாகி வளர்ந்து அவற்றை நெம்பி உதிர்க்கிறது. நிழலான குழிகளில் ஈரம் நீண்ட நேரம் நிற்பதால் குழி மேலும் குழியாகிறது. தேன்கூடு போன்ற சுவர்கள் இவ்வாறே உண்டாகின்றன.

வளைவுகள், தூண்கள் பற்றி 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு குறிப்பிடத்தக்கது. பிராக் நகரின் சார்ள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று, செக் நாட்டின் மணற்கல் சுரங்கமொன்றில் கிடைக்கும், பசை ஏறக்குறைய இல்லாமல் மணிகளின் பிணைப்பால் மட்டுமே நிற்கும் மணற்கல்லை எடுத்து, அதன்மேல் பாரம் ஏற்றி நீரில் அரிக்கவிட்டது. பாரத்தைத் தாங்கும் பகுதியில் மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டதால் அரிப்பு நின்றது. பாரம் தாங்காத பகுதி மட்டும் உதிர்ந்தது. நெல் மூட்டை அடுக்கில் அடியிலுள்ள மூட்டையை உருவ முடியாது, ஓரத்தில் தனியே கிடப்பதைத் தூக்கிவிடலாம் என்பதற்கு ஒப்பானது இது. இவ்வாறு தேவையற்றது உதிர்ந்து, சுமைதாங்கும் எலும்பு மட்டும் எஞ்சும்போது வளைவும் தூணும் தாமாகவே தோன்றுகின்றன. வாதி ரம்மின் புர்தா வளைவு, உம் ஃபுரூத் வளைவு ஆகியவற்றைப் பார்த்து, இவ்வளவு மெல்லிய பாலம் ஏன் விழவில்லை என்று வியப்பவர்கள், விழக்கூடியவை முன்பே விழுந்துவிட்டன என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பும் பழுப்பும் மணிகளின்மேல் படிந்த இரும்பு ஒட்சைட்டால் வருபவை. டிசி படையில் அது மிகக் குறைவாதலால் அது வெண்மை. சுவர்களில் வழியும் கருமை, இரும்பும் மங்கனீசும் களியும் மிக மெதுவாகச் சேர்ந்த மேற்பூச்சு. அந்தக் கரும்பூச்சைக் கொத்தி உள்ளிருக்கும் வெளிர்கல்லைத் தெரியவைத்தே பழைய மக்கள் ஒட்டகங்களையும் வரையாடுகளையும் எழுத்துகளையும் பொறித்தனர். இப்பகுதியில் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது.

மழை இங்கு ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. திருகோணமலையில் மார்கழி மாதத்தில் மட்டுமே அதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும். பெய்வதும் குளிர்காலத்தில், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்து, இடுக்குகளில் வெள்ளமாகப் பாய்ந்துவிடும். ஆயினும் இம்மலைகளை ஆக்கிய அதே மணற்கல் கிழக்கே நிலத்தடியில் சாய்ந்து செல்லும் இடத்தில், மணிகளின் இடைவெளிகளில் பெருமளவு நீரைத் தேக்கிவைத்திருக்கிறது. உப்புவெளிக் கிணறுகளுக்கு நீர் தருவதும் மணலின் இதே இயல்புதான். ஆனால் நம் கிணறுகளை ஒவ்வொரு மாரியும் நிரப்புகிறது. டிசி மணற்கல்லிலுள்ள நீரோ, காலநிலை ஈரமாக இருந்த பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறங்கியது, இன்று அதற்கு ஈடான வரவு இல்லை. 2013இலிருந்து இந்நீர் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி கன மீட்டர் வீதம் 300 கிலோமீட்டருக்கும் நீளமான குழாய்வழி அம்மானுக்கு அனுப்பப்படுகிறது. எல்லைக்கு அப்பால் சவூதி அரேபியாவும் இதே நீர்கொள் படையிலிருந்து நீர் எடுக்கிறது.

ரம் மலையின் உச்சிக்குச் செல்லும் பழைய வழிகளை, வரையாடு வேட்டைக்காக அப்பகுதிப் பெதூயின் மக்களே கண்டறிந்தனர். மழை பெய்த பின் கல் நன்கு உலரும் வரை ஏறக் கூடாது என்பது மணற்கல்லில் ஏறுவோர் எங்கும் கடைப்பிடிக்கும் விதி. ஈரம் பசையைத் தளர்த்துவதால் காய்ந்த கல்லில் தாங்கும் பிடி நனைந்த கல்லில் உடைந்து கையோடு வந்துவிடும்.

நேரில் செல்ல இயலாதவர்கள் கைபேசியிலுள்ள வரைபடத்தில் செய்மதிப் படத்தைத் தெரிவுசெய்து, வட அகலாங்கு 29.6 பாகை, கிழக்கு நெட்டாங்கு 35.4 பாகை என்னும் இடத்துக்குச் செல்லலாம். முதலில் நீண்ட பள்ளத்தாக்கையும் அதிலுள்ள ரம் கிராமத்தையும் கண்டுகொள்ளுங்கள். பிறகு கிராமத்துக்கு மேற்கே உள்ள மலையைப் பெரிதாக்கினால், மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் கருங்கோடுகள் தெரியும், அவை மூட்டுகள். அவற்றுக்கிடையே வெளிறித் தெரியும் மேடுகள் டிசி மணற்கல். மலையின் பாதத்தில், சுவருக்கும் மணலுக்கும் இடையே கரடுமுரடாகக் கறுத்துத் தெரியும் ஒடுங்கிய பட்டையே கிரனைற். அதன் மேல்விளிம்பைத் தொடர்ந்து வடக்கும் தெற்குமாக நகர்த்திப் பாருங்கள். மணற்கல் தொடங்கும் அந்த எல்லை எவ்வளவு தூரத்துக்குச் சீராகச் செல்கிறது என்பது புலப்படும்.